ஏழு வயதில் கோயில் ஆர்கனில் அமர்ந்தவர்

யோசெப் கபிரியேல் ரைன்பெர்கர் (1839 – 1901)

மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பது நம் முன்னோர் வாக்கு. மனிதருக்கு மட்டுமன்றி நாடுகளுக்கும் இது பொருந்தும். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மடியில், சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே, லீக்டன்ஸ்டைன் என்றொரு குட்டி நாடு உண்டு. அதன் பரப்பு 160 சதுர கிலோமீட்டர்தான். விடியற்காலையில் புறப்படும் ஒருவர் பொழுது சாய்வதற்குள் நாட்டின் தென்கோடியிலிருந்து வடகோடிக்கு நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம். மேற்கே ரைன் நதி. கிழக்கே வானளாவிய மலைகள். இடையே வயல்களும் திராட்சைத் தோட்டங்களும். இந்தச் சின்னஞ்சிறு நாடு திருச்சபையின் வழிபாட்டுக்குத் தந்த பெரும் கொடை ஒன்று உண்டு. ஆர்கன் வாசிப்போரும் பாடகர் குழுவினரும் உலகெங்கும் நன்றியோடு நினைக்கும் யோசெப் கபிரியேல் ரைன்பெர்கர்தான் அந்தக் கொடை. வாழ்நாளெல்லாம் பீடத்துக்குப் பின்னாலும் பாடகர் மாடத்திலும் நின்று உழைத்த அந்த இசைமேதையின் வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் பெற்றோரும்

லீக்டன்ஸ்டைனின் தலைநகர் வாடுஸ். இன்று உலகப் புகழ் பெற்ற அந்த ஊர், அன்று மலைக்கோட்டையின் அடிவாரத்தில் ஒடுங்கிக் கிடந்த ஒரு கிராமமே. நாடு முழுவதும் சேர்த்து ஏழெட்டாயிரம் மக்கள்தான். அரசரோ தொலைவில் உள்ள வியன்னாவில் வாழ்ந்தார். ஆட்சியில் இருக்கும்போது இந்நாட்டுக்கு நேரில் வந்த முதல் அரசர் இரண்டாம் அலோயிஸ். அவர் வந்ததும் 1842-ஆம் ஆண்டில்தான். அரசர் இல்லாத ஊரில் அவருடைய வருவாயைக் கவனித்துவந்த கருவூல அலுவலர்தான் யோகான் பீட்டர் ரைன்பெர்கர். அவருடைய மனைவி எலிசபெத், அண்டை நாடான சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதியைச் சேர்ந்தவர். இவ்விருவரின் மகனாக 1839-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள், புனித சூசையப்பர் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னதாக, நம் இசைஞர் பிறந்தார். யோசெப் என்னும் சூசையப்பர் பெயரும், தேவதூதர் கபிரியேலின் பெயரும் குழந்தைக்குச் சூட்டப்பட்டன.

கால் எட்டாத சிறுவன்

வீட்டில் மூத்த பெண் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர செபஸ்தியான் பெலி என்ற ஆசிரியர் வந்துகொண்டிருந்தார். அக்காமார் பாடம் கேட்க, மூலையில் இருந்த சிறுவன் அதை உள்வாங்கிக்கொண்டான். ஐந்து வயதுப் பிள்ளையிடம் இருந்த வரத்தை ஆசிரியர் கண்டுகொண்டார். பியானோவும் பின்னர் ஆர்கனும் கற்பித்தார். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஆர்கனை வாசிக்கக் கை மட்டும் போதாது. தாழ்ந்த சுரங்களைக் கால்மிதிகளால் மிதித்து எழுப்ப வேண்டும். பலகையில் உட்கார்ந்தால் குழந்தையின் கால் எட்டவில்லை. எனவே இருக்கும் மிதிகளின் மேல் பொருத்துவதற்கு உயரமான இன்னொரு மிதி வரிசை செய்யப்பட்டது. இவ்வாறு ஏழு வயதில் யோசெப் வாடுஸ் புனித புளோரின் சிற்றாலயத்தின் ஆர்கன் இசைஞனானான். நம் பிள்ளைகள் ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் படிக்கும் வயதில் அவன் ஒரு பங்கின் பூசைக்கே பொறுப்பேற்றான்!

எட்டாம் வயதில் மூன்று குரல்களுக்காக ஒரு திருப்பலி இசையையும் அமைத்தான். செய்தி கூர் நகர ஆயரின் காதுக்கும் எட்டியது. அந்நாளில் லீக்டன்ஸ்டைன் முழுவதும் சுவிட்சர்லாந்தில் உள்ள அந்த மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆயர் சிறுவனை அழைப்பித்தார். பேராலயத்தில் ஆயரும் குருக்களும் இராக்கினி மன்றாட்டான சால்வே ரெஜினாவைப் பாட, சிறுவன் ஆர்கன் வாசித்தான். பாட்டு சுருதியை விட்டு விலகிக்கொண்டே போனது. பொறுக்கமாட்டாத பிள்ளை வாசிப்பதை நிறுத்திவிட்டு, ஆயர் தவறாகப் பாடுவதாக அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டானாம். ரைன்பெர்கரின் வாழ்க்கையை எழுதியவர்கள் விரும்பிச் சொல்லும் கதை இது. இறைவனுக்கு முன் பாடும்போது யாராயிருந்தாலும் சரியாகப் பாட வேண்டும் என்ற உறுதி, அந்தப் பிள்ளை மனத்தில் அன்றே வேரூன்றியிருந்தது.

சனிக்கிழமை நடைப்பயணம்

வாடுஸில் கற்கவேண்டியதையெல்லாம் அவன் கற்று முடித்துவிட்டான். எல்லைக்கு அப்பால், ஆஸ்திரியாவைச் சேர்ந்த பெல்ட்கிர்க் நகரில் பிலிப் ஷ்முட்சர் என்ற பாடகர் குழுத் தலைவர் இருந்தார். இசை இலக்கணம் கற்க மகனை அவரிடம் அனுப்பத் தந்தை இசைந்தார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார்: ஞாயிற்றுக்கிழமை வாடுஸ் கோயிலில் ஆர்கன் வாசிக்கும் கடமை தவறக்கூடாது. எனவே ஒன்பது பத்து வயதுச் சிறுவன், வார இறுதிதோறும் பத்து மைலுக்குக் குறையாத மலையடிப் பாதையைக் கால்நடையாகக் கடந்து ஊருக்கு வந்தான். பூசைக்கு வாசித்துவிட்டு மறுபடி நடந்து திரும்பினான். பாகு, மோட்சார்ட் முதலிய மேதைகளின் இசை ஷ்முட்சர் வீட்டு ஏடுகளின் வழியாகவே அவனுக்கு முதலில் அறிமுகமாயிற்று.

அந்நாளில் மத்தேயுஸ் நாகில்லர் என்ற இசையமைப்பாளர் சிறுவனின் ஆற்றலைக் கண்டு வியந்தார். மூனிக் நகரின் இசைக் கல்லூரிக்கு அவனை அனுப்புமாறு தந்தையிடம் வற்புறுத்தினார். அரசு அலுவலரான தந்தைக்குத் தயக்கம். இசையால் ஒருவன் பிழைக்க முடியுமா என்ற கவலை எந்த நாட்டுத் தந்தைக்குத்தான் இல்லை! இறுதியில் மனம் இளகி விடை கொடுத்தார். 1851-ஆம் ஆண்டு, பன்னிரண்டு வயதில், யோசெப் தாய்நாட்டை விட்டுப் பவேரியாவின் தலைநகருக்குப் புறப்பட்டான். அதுவே அவனுடைய வாழ்நாள் ஊராயிற்று.

மாலைப் பாடல்

மூனிக்கில் லெயோன்கார்ட்டிடம் பியானோவும், ஹெர்சோக்கிடம் ஆர்கனும், மாயரிடம் பல்குரல் இசை இலக்கணமும் பயின்றார். 1854-இல் கல்லூரிப் படிப்பு நிறைவெய்தியது. பின்னர் புகழ்பெற்ற பிரான்ஸ் லாக்னரிடம் தனியாகப் பாடம் கேட்டார். கையில் பணமில்லை, பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தார். மண்ணியல் பேராசிரியர் ஷாப்ஹாய்ட்ல் அவருக்கு உற்ற நண்பராகவும் புரவலராகவும் விளங்கினார்.

இந்த எளிய நாட்களில்தான், 1855-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், பதினாறு வயது நிறைய ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு சிறு பாடலை எழுதினார். எம்மாவு ஊருக்குச் சென்ற சீடர்கள் இருவர், வழியில் தங்களோடு நடந்துவந்த உயிர்த்த ஆண்டவரை இன்னாரென்று அறியாமலே, பொழுது சாய்ந்துவிட்டதால் தங்களோடு தங்கும்படி வருந்தி அழைத்தார்கள் அல்லவா? புனித லூக்கா நற்செய்தியின் அந்த ஒரு வரியே பாடலின் சொற்கள் முழுவதும். வாத்தியம் ஏதுமில்லாமல் ஆறு குரல்கள் பாடும் இப்பாடல் மாலைப் பாடல் என்று பெயர் பெற்றது. திருத்தப்பட்டு 1873-இல் அச்சேறியது. மூன்று நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும் இப்பாடலே இன்று அவருடைய பெயரை உலகெங்கும் கொண்டு செல்கிறது. மொழியும் சபையும் வேறுபட்ட பாடகர் குழுக்கள் மாலை வழிபாட்டில் இதைப் பாடுகின்றன. வீட்டை விட்டுத் தொலைவில் வாழ்ந்த ஓர் ஏழை மாணவனின் நெஞ்சிலிருந்து எழுந்த மன்றாட்டு அது.

நாடக மேடையும் கோயில் மாடமும்

1859-ஆம் ஆண்டு, இருபது வயதில், தாம் படித்த கல்லூரியிலேயே பியானோ ஆசிரியரானார். முதல் நூலும் அதே ஆண்டில் வெளிவந்தது. மூனிக் நகரக் கோயில்களில் ஆர்கன் வாசித்தார். ஓரடோரியோ சங்கத்தின் பாடகர்களை 1864 முதல் 1877 வரை வழிநடத்தினார்.

அந்நாட்களில் மூனிக் நகரத்தையே ஆட்டிப்படைத்தவர் ரிச்சர்ட் வாக்னர். பவேரியாவின் இளம் மன்னர் இரண்டாம் லுத்விக் அவர்மீது அளவற்ற பற்றுக் கொண்டிருந்தார். 1865-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வாக்னரின் ட்ரிஸ்டனும் இசோல்டேயும் என்னும் இசை நாடகம் அரங்கேறியது. அரச நாடக அரங்கில் பாடகர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பணியில் அப்போது ரைன்பெர்கரும் இருந்தார். புது இசையின் வெள்ளம் எங்கும் பாய்ந்தது. பல இளைஞர்கள் அதில் மூழ்கினார்கள். இவரோ மூழ்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் அரங்கப் பணியை விட்டு விலகினார். இசை நாடகங்களும் ஒரு பெரிய சிம்பொனியும் எழுதினார் என்றாலும், உள்ளம் மட்டும் பாகு, மோட்சார்ட் ஆகியோர் காட்டிய தெளிந்த நெறியிலேயே நின்றது. 1867-இல் இசைக் கல்லூரி புதிதாகத் திறக்கப்பட்டபோது, ஆர்கனுக்கும் இசையமைப்புக்கும் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். இறக்கும்வரை அப்பணியிலேயே இருந்தார்.

இல்லறத் துணை

அதே 1867-ஆம் ஆண்டில், தம்மிடம் இசை பயின்ற பிரான்சிஸ்கா என்ற விதவையை மணந்தார். அம்மையார் கணவரைவிட ஏழு வயது மூத்தவர். கவிதை எழுத வல்லவர். அவர் சொல்லெழுத இவர் இசையமைப்பது அந்த வீட்டின் வழக்கமாயிற்று. புனித கிறிஸ்தோபர் வரலாறும், பெத்லகேமின் விண்மீன் என்னும் கிறிஸ்து பிறப்புப் பாமாலையும் இவ்வாறு இருவரும் சேர்ந்து படைத்தவை. குழந்தைப் பேறு அவர்களுக்கு வாய்க்கவில்லை. அன்றாட நிகழ்ச்சிகளை அம்மையார் நாட்குறிப்பில் எழுதிவந்ததால்தான் இந்த அடக்கமான மனிதரின் வாழ்க்கை நமக்குத் தெரிகிறது.

இரு முகாம்களின் நடுவே

1877-ஆம் ஆண்டு ரைன்பெர்கர் பவேரிய அரண்மனைக் கோயிலின் இசைத் தலைவராக நியமிக்கப்பட்டார். அதன்பின் கோயில் இசையே அவருடைய முதற்பணி. ஆனால் அங்கும் அமைதி இல்லை.

அக்காலத்துக் கோயில் இசையில் நாடகத்தனம் மிகுந்துவிட்டது என்று பலர் வருந்தினார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது. பிரான்ஸ் சேவியர் விட் என்ற குரு 1868-இல் புனித செசிலியம்மாள் பெயரால் ஒரு சங்கம் கண்டார். கிரகோரியார் இராகங்களும், பதினாறாம் நூற்றாண்டின் பாலெஸ்திரீனா வகுத்த பல்குரல் முறையுமே வழிபாட்டுக்கு ஏற்றவை. புதியன எழுதுவோரும் அந்த அச்சிலேயே வார்க்க வேண்டும் என்பது சங்கத்தாரின் கொள்கை. ரைன்பெர்கர் அதற்கு உடன்படவில்லை. பழைய ஆசிரியர்களை அவரும் வணங்கினார். அவர்களைப் பார்த்து அப்படியே எழுதுவது வழிபாடு ஆகாது என்று கருதினார். சங்கத்தார் அவரைக் கண்டித்தார்கள். நாடக மேடையாருக்கு இவர் பழமைவாதி. கோயில் சீர்திருத்தக்காரருக்கு இவர் புதுமைவாதி! இரு பக்கமும் அடி மத்தளத்துக்கு விழுவது போல இவருக்கும் விழுந்தது.

அவர் வாதாடிக் கொண்டிருக்கவில்லை. 1878-இல், நான்கு நான்கு குரல்களாக எதிரெதிரே நின்று பாடும் இரண்டு பாடகர் குழுக்களுக்கு, வாத்தியத் துணையின்றி ஒரு திருப்பலி இசையை எழுதினார். பழைய வெனிஸ் நகரப் பேராலய முறையின் கம்பீரமும், தம் காலத்து இசையின் கனிவும் அதில் ஒன்று கலந்தன. அந்த ஆண்டில் திருச்சபையின் தலைமையை ஏற்ற திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயருக்கு அதைக் காணிக்கையாக்கினார். திருத்தந்தை மகிழ்ந்து அவருக்குப் புனித கிரகோரியார் வீரர் விருதை வழங்கினார். கோயிலுக்கு ஏற்றதா இல்லையா என்ற கேள்விக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி வேறென்ன வேண்டும்?

இசையால் நிறைந்த கோயில்

அவர் எழுதிக் குவித்தவை ஏராளம். எண்ணிட்டு வெளியிட்டவை மட்டுமே இருநூறை நெருங்குகின்றன. அவற்றுள் பன்னிரண்டு திருப்பலி இசைகள் உண்டு. பெரிய பேராலயக் குழுவுக்கு மட்டும் அவர் எழுதவில்லை. பெண் குரல்கள் மட்டுமே உள்ள குழுவுக்கு மூன்று, ஆண் குரல்கள் மட்டுமே உள்ள குழுவுக்கு இரண்டு என, இருப்பவர்களைக் கொண்டு பாடும்படியும் எழுதினார். கன்னியர் மடமானாலும் குருமடமானாலும் சிறு பங்கானாலும் அவரவர் சக்திக்கேற்ற பூசை இசை அவரிடம் கிடைத்தது. இறந்தோருக்கான திருப்பலி இசைகள் மூன்று. அவற்றுள் முதலாவது, 1870-71 பிரெஞ்சு ஜெர்மானியப் போரில் மாண்ட வீரர்களின் நினைவாக வெளிவந்தது.

ஆர்கனுக்கோ இருபது சொனாட்டாக்கள். இருபதும் இருபது வெவ்வேறு சுருதிகளில் அமைந்தவை. மேனாட்டு இசையில் உள்ள இருபத்துநான்கு சுருதிகளுக்கும் ஒவ்வொன்று எழுதி முடிக்க எண்ணியிருந்தார். நான்கு எஞ்சி நின்றுவிட்டன. திருப்பாடல்களை ஓதும் பழைய கிரகோரியார் இராகங்களைச் சில சொனாட்டாக்களில் ஊடு நூலாக வைத்து நெய்திருக்கிறார்.

ஆறாத புண்

இத்தனையையும் எழுதியது நலமான கையல்ல என்பதை நினைக்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது. அவருடைய வலது கையில் ஆறாத புண் ஒன்று உண்டாகிப் பல ஆண்டுகள் வாட்டியது. இளமையில் பியானோவிலும் ஆர்கனிலும் வல்லவராய்ப் பேரெடுத்தவர் பொதுமேடையில் வாசிப்பதை விட்டுவிட நேர்ந்தது. ஆர்கன் மேதை ஒருவருக்கு வலக்கையில் புண்! இறைவனின் திருவுளத்தை யார் அறிவார்? அந்தக் கை வாசிப்பதை விட்டு எழுதுவதில் முனைந்தது. கோடைதோறும் பவேரிய மலைகளிடையே உள்ள கிராய்ட் என்னும் நீருற்றுத் தலத்துக்குச் சென்று தங்கி எழுதினார். சிலுவையடியில் நின்ற வியாகுல அன்னையைப் பாடும் ஸ்தாபாத் மாத்தர் ஒன்றை 1884-இல் இயற்றினார். கை நோய் காரணமாகச் செய்துகொண்ட நேர்த்திக் கடனின் காணிக்கையே அது என்று சொல்லப்படுகிறது.

ஆசானாக

மாணவர்கள் பல நூற்றுவர். அமெரிக்காவிலிருந்தும் கடல் கடந்து வந்தார்கள். கண்டிப்பும் நேரம் தவறாமையும் அவருடைய வகுப்பின் இலக்கணம். குழந்தைகள் கொண்டாடும் ஹான்சலும் கிரேத்தலும் என்ற இசை நாடகத்தை எழுதிய ஹம்பர்டிங்க், இத்தாலியத் தொடர்புடைய வோல்ப்-பெர்ராரி, பாஸ்டன் நகர இசைக் கல்லூரியின் தலைவரான சாட்விக், யேல் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்த பார்க்கர் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற இசைக்குழு நடத்துநர் பூர்ட்வாங்லரும் சிறுவனாக இருந்தபோது அவரிடம் பாடம் கேட்டார். எட்டாயிரம் பேர் வாழ்ந்த நாட்டில் பிறந்தவர், இரண்டு கண்டங்களுக்கு ஆசானானார்.

இறுதி நாட்கள்

1892-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், ஆண்டு முடிகிற அன்றே, பிரான்சிஸ்கா அம்மையார் கண் மூடினார். இருபத்தைந்து ஆண்டுத் துணை மறைந்தது. வீடு வெறுமையாயிற்று. 1894-இல் அரண்மனைக் கோயில் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பவேரிய அரசு அவருக்குப் பிரபுப் பட்டம் அளித்தது. அறுபதாம் வயதில், 1899-இல், மூனிக் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. பட்டங்கள் வந்தன, அவரோ எழுதுவதை நிறுத்தவில்லை. கடைசியாக ஒரு திருப்பலி இசையைத் தொடங்கினார். அது முற்றுப்பெறவில்லை. 1901-ஆம் ஆண்டு, புனித செசிலியம்மாள் திருநாள் கழிந்த மூன்றாம் நாள், நவம்பர் 25-இல், பேனாவை வைத்துவிட்டு இறைவனடி சேர்ந்தார். எஞ்சிய பகுதியை அவருடைய அமெரிக்க மாணவர் கோர்ன் நிறைவு செய்தார்.

மறதியும் மீட்பும்

இறந்தபின் அவருடைய இசை மெல்ல மறக்கப்பட்டது. புதிய நூற்றாண்டின் காதுக்கு அது பழசாய்த் தோன்றியது. 1903-இல் திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட கோயில் இசை விதிகளுக்குப் பிறகு, கிரகோரியார் இராகமே எங்கும் முதலிடம் பெற்றது. ஆர்கன் இசைஞர்கள் மட்டும் அவருடைய சொனாட்டாக்களைக் கைவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில் மூனிக் நகரத்தின்மீது குண்டுகள் விழுந்தன. அவர் துயின்ற கல்லறையும் அழிந்தது. போருக்குப் பிறகு அவருடைய எலும்புகள் தாய்நாட்டுக்கு எடுத்துவரப்பட்டு வாடுஸில் அடக்கம் செய்யப்பட்டன. பன்னிரண்டு வயதில் புறப்பட்ட பிள்ளை இவ்வாறு ஊர் திரும்பினார்.

இசையும் திரும்பியது. அவருடைய படைப்புகள் அனைத்தும் 48 தொகுதிகளாகப் பதிப்பிக்கப்பட்டன. திருப்பலி இசைகள் மறுபடி கோயில்களில் ஒலிக்கின்றன. அவர் பிறந்த வீட்டில் இன்று நாட்டின் இசைப்பள்ளி நடக்கிறது; அவர் தவழ்ந்த அறைகளில் சிறுவர்கள் சுரம் பழகுகிறார்கள். வாடுஸ் பங்குக்கும் ஒரு பேறு கிடைத்தது. 1997-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் லீக்டன்ஸ்டைனை உயர் மறைமாவட்டமாக்கியபோது, புனித புளோரின் பங்குக் கோயில் பேராலயமாக உயர்ந்தது.

அன்பர்களே! கோயிலில் குரு பீடத்தருகே நிற்கிறார்; மக்கள் அவரைக் காண்கிறார்கள். மாடத்தில் அமர்ந்து வாசிப்பவரையோ யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பூசை முடிந்து எல்லாரும் வெளியேறும்போதும் அவர் வாசித்துக்கொண்டிருக்கிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட வழிபாட்டு ஏட்டில், மனிதர் மனத்தை இறைவன்பால் எழுப்பும் ஆற்றல் உடையதென ஆர்கனைப் போற்றியிருக்கிறது. அந்த ஆற்றல் மரத்திலும் குழாயிலும் மட்டும் இல்லை. சனிக்கிழமைதோறும் மலைப்பாதையில் நடந்த சிறு கால்களிலும், புண்ணோடு எழுதிய கையிலும் இருக்கிறது. கடமையில் தவறாத அத்தகைய கால்களையும் கைகளையும் நம் பாடகர் மாடங்களுக்கும் இறைவன் அருள்வாராக. பொழுது சாயும் வேளையில் நம்மோடு தங்க வந்தருள்வாராக.